அது ஜப்பான் பறவை இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மில் காம்பவுண்டில் எடுத்த படம் வந்தது. ‘ஜப்பான் பறவை ராஜபாளையத்துக்கு வந்திருக்கு மாமா’ என்று எழுதியிருக்கிறாய். ஜப்பானும் இல்லை, சீனாவும் இல்லை. அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் போகும். அக்டோபர் மாதம் நம் பக்கம் வந்து இறங்குகிற நேரம்தான். விடியற்காலையிலும் அந்தி மசங்கும்போதும் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் அதன் இரட்டை விசிலைக் கேட்கலாம்.

உன் மேல் முழுத் தப்பும் இல்லை. படத்தை வைத்துத் தேடும் போன் நிறத்தைப் பார்க்கும். எடுத்தவன் எந்த ஊரில் நிற்கிறான் என்று பார்க்காது. ஜப்பானிலும் கொரியாவிலும் கூடு கட்டுகிற பங்காளி ஒன்று இதற்கு உண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு எல்லாம் கிட்டத்தட்ட இதே மாதிரி. ஆனால் அது குளிருக்குப் போவது போர்னியோவுக்கு. அதனால் பெயரைத் தேடுவதற்கு முன்னால் ஊரையும் மாதத்தையும் எழுதிக்கொள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியும் இந்த இரண்டையும்தான் கேட்கிறது.

இனிமேல் படத்தை வெட்டி அனுப்பாதே. சுற்றியிருப்பதை வெட்டிவிட்டால் பறவை மைனாவைவிடச் சிறிதா பெரிதா என்றே தெரியாது. பக்கத்தில் ஒரு செங்கல் கிடந்தால்கூட எனக்குப் போதும். தரையில் தத்திச் சருகைக் கிளறியதா, கிளையில் இருந்ததா என்பதையும் எழுது. நிறத்தை ரொம்ப நம்பாதே; சாயங்கால வெயிலும் போனின் மெருகும் சேர்ந்து எதையும் பொன்னாக்கிவிடும். வால் நீளம், அலகின் வடிவம், கண்ணோரப் பட்டை இவை வெயிலுக்கு மாறாது. உன் படத்தில் கட்டை வாலும் கறுப்புக் கண்பட்டையும் பாதி சொல்லின, மீதியை ஊர் சொன்னது.

கூகைக் குஞ்சு பிடிபட்டால் ‘அமெரிக்க ஆந்தை’ என்று கூட்டம் கூடுவதைப் பார்த்திருப்பாய். நம் கோபுரங்களிலேயே குடியிருக்கிற பறவை! முகம் வெள்ளையாக இருந்தால் வெளிநாடு என்பது நம் ஆட்களின் வியாதி.

நிஜ வெளிநாட்டுப் பறவை இங்கே பெரும்பாலும் கூண்டிலிருந்து தப்பியதாகத்தான் இருக்கும். சன் கன்யூர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, காக்டீல் ஆஸ்திரேலியாவிலிருந்து. ஆளைக் கண்டு மிரளாமல் உட்கார்ந்திருந்தால் காலில் வளையம் இருக்கிறதா பார்.

இன்னொன்று. ஆறுமணிக்குருவி இரவில் பயணம் செய்யும்; களைத்துப்போய் வீட்டுக்குள் விழுவதும் கண்ணாடியில் மோதுவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான இடத்தில் வை. அரிசி போடாதே, அது பூச்சி புழு தின்கிற பறவை. வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தெளிந்ததும் மரம் அடர்ந்த இடத்தில் விட்டுவிடு. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல். அழகாக இருக்கிறதென்று கூண்டில் வைத்துக்கொண்டால் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அன்புடன்,
மாமா