ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்

அன்புள்ள மருமகளுக்கு,

பெப்ரவரி விடுமுறையில் தோழிகளோடு சிவனொளிபாத மலைக்குப் போய்ச் சூரிய உதயம் பார்க்க வேண்டும், அப்படியே எல்லவில் ஒரு அந்தியும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் போ. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரிப் பயணமாக நினைத்துவிடாதே. விடியலுக்குப் போகிறவர்களின் கணக்குப் பிசகினால், நேரம் போகப் போக வெளிச்சம் கூடும். அந்திக்குப் போகிறவர்களின் கணக்குப் பிசகினால் கூடுவது இருட்டு. அதனால் விடியலுக்கு உச்சியை அடையும் நேரத்தை முடிவு செய். அந்திக்கு உச்சியை விட்டு இறங்கும் நேரத்தை முடிவு செய்.

சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து போனால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டும், பெரும்பாலும் படிகள். 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி வரும்: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். வழி ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். நடையும் ஏற்றமும் சேர்ந்து மூன்று மணி நேரம் ஆகும். அது ஓயாமல் நடக்கிறவர்களுக்கு. மூச்சு வாங்கவும் வழிக் கடையில் பிளேன்டீ குடிக்கவும் இன்னொரு மணி சேர்த்துக்கொள். பெப்ரவரியில் அங்கே சூரியன் எழுவது ஆறு இருபதை ஒட்டி. கீழ்வானம் அதற்கு முன்பே நிறம் மாறத் தொடங்கிவிடும். எனக்கு உதயத்தைவிட அந்த நேரமே பிடிக்கும். ஆகவே 5.45-க்கு மேலே நிற்க வேண்டும், 1.45-க்குக் கீழேயிருந்து கிளம்ப வேண்டும். போயா நாளிலும் வார இறுதியிலும் இந்தக் கணக்கு செல்லாது. உச்சியை நெருங்கும்போது படிகளில் வரிசை நகராமல் நின்றுவிடும். சாதாரணக் கிழமையாகப் பார்த்துப் போங்கள்.

வெகுநேரம் முந்திப் போவதும் நல்லதல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும். கொழும்பில் இரவு வியர்க்கும்போது, உச்சியில் அதைவிடப் பதினான்கு பாகை குளிராக இருக்கும், காற்று வேறு. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு நடுங்கிப் போகும். உலர்ந்த சட்டை ஒன்றைப் பையில் வைத்திரு, மேலே போனதும் மாற்று. ஏறும்போது கம்பளி போடாதே.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ மேற்குப் பக்கம் போ. வானம் தெளிவாக இருந்தால் மலையின் நிழல் கீழே மேகத்தின் மேலும் மூடுபனியின் மேலும் முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால் மட்டும் அப்படித் தெரிவதில்லை. தூரம் போகப் போக நிழலின் இரு ஓரங்களும் ஒன்றுகூடுவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி மலையடிக்கே வந்துவிடும்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். அப்போதுதான் வழியெல்லாம் விளக்கு எரியும், கடைகள் இருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் அட்டையும் இருக்கும். அப்போது இருட்டில் ஏறுவதை நான் ஒப்ப மாட்டேன். இன்னொன்று: வேனில் போனால் நீங்கள் ஏறும் நேரத்தில் சாரதி நன்றாகத் தூங்க வேண்டும். தூக்கம் கெட்டவர் மலைப் பாதையில் ஓட்டுவது, படியில் கால் வழுக்குவதைவிட ஆபத்து.

இனி அந்தி. எல்லவில் சின்ன சிவனொளிபாத மலை 1,141 மீட்டர்தான், ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். அந்திக்கு அதுவே போதும். ரயில் தண்டவாளத்தோரமாகப் போகும் எல்ல பாறையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் வேண்டாம். பெப்ரவரியில் அங்கே சூரியன் மறைவது ஆறே காலை ஒட்டி. நவம்பரில் என்றால் ஆறு மணிக்கு முன்பே. ஆனால் மேற்கே உயர்ந்த மலைகள் இருப்பதால் நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு முன்பே சூரியன் அவற்றின் பின்னால் போய்விடும்.

மறைந்த பிறகு எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்பதுதான் முக்கியம். லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம் கால்வழி தெரியும். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்கீழாக இறங்குகிறது. இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வெளிச்சம் நிற்கும். மரத்தடியில் அதுவும் இல்லை. ஆகவே சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம் இறங்கத் தொடங்க வேண்டும். வானம் எவ்வளவு சிவந்திருந்தாலும் சரி. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் அடிக்கடி வரும்; முழக்கம் கேட்டால் அந்தியை விட்டுவிட்டு உடனே இறங்கிவிடு, திறந்த முகட்டில் நிற்காதே.

ஆளுக்கொரு டோர்ச் எடுத்துக்கொள்ளுங்கள். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். பட்டரி தீர்ந்தால் வெளிச்சமும் போகும், உதவி கேட்கும் வழியும் போகும். எந்த வழியாக ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. கீழே இறங்கியதும் முதலில் அவளுக்குப் போன் எடு, பிறகு எனக்கு.

அன்புடன்,
மாமா