பாட்டிக்கு வரும் போன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பாட்டியின் புதுப் போனில் வாட்ஸ்அப் ஏற்றிக் கொடுத்தது நீதான் என்று உன் அப்பா சொன்னான். நல்ல காரியம். ஆனால் அந்தப் போனுக்குப் பேத்தியின் போட்டோ மட்டுமே வரப்போவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

லூதியானாவில் எஸ்.பி. ஓஸ்வால் என்று ஒரு தொழிலதிபர். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்மபூஷண் பெற்றவர். 2024 ஆகஸ்டில், 82 வயதில், அவருக்கு ஒரு போன் வந்தது. பணமோசடி வழக்கொன்றில் உங்கள் பெயர் அடிபடுகிறது என்றார்கள். சிபிஐ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வீடியோவில் வந்தான். இரண்டு நாள் கேமராவை அணைக்க விடவில்லை. அவர் தூங்கும்போதும் கண்காணிப்பு. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை வேறு. பிறகு ஸ்கைப்பில் ‘உச்ச நீதிமன்றமே’ கூடியது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் பெயரில் யாரோ ஒருவன் பேசினான். முகம் தெரியவில்லை, சுத்தியல் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. முத்திரை குத்திய உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. அவர் ஏழு கோடி ரூபாயை அனுப்பிவிட்டார். ஐந்து கோடிக்குச் சற்று மேல் பிறகு மீட்கப்பட்டது.

நம் ஊர் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவது சினிமாவில்தான். திருடர்களும் சினிமா பார்த்துத்தான் தொழில் கற்றிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இத்தனை பெரிய மனிதரே விழுந்தாரென்றால் மற்றவர்களைச் சொல்வானேன்! ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி இதே மாதிரிப் போலி நீதிமன்ற உத்தரவைப் பார்த்து ஒரு கோடிக்கும் மேல் இழந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தை வைத்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. இப்படி வீடியோவிலேயே ஆளைப் பிடித்துவைப்பதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர்; இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவுமே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் அதைச் சொன்னார். அதற்குப் பிறகும் ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்றால், சட்டம் தெரியாதது மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆளைப் பயமுறுத்தி, வீட்டாரிடமிருந்து பிரித்து, தனியாக உட்கார வைத்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு அதுதான் முதல்.

பயம் ஏன் பலிக்கிறது? பேசுகிறவன் ஆதார் எண்ணை ஒப்பிப்பான், அப்பா பெயரைச் சொல்வான், முகவரியைச் சொல்வான். “இவ்வளவும் தெரிந்தவன் போலீஸாகத்தானே இருக்கணும்” என்று பாட்டிக்குத் தோன்றும். ஆனால் ஆதார் நகல் எங்கெல்லாம் கிடக்கிறது என்று யோசித்துப் பார்: சிம் வாங்கிய கடை, லாட்ஜ் வரவேற்பு மேசை, ஜெராக்ஸ் கடையில் வீணான தாள்களின் கட்டு. நகல் கேட்கிற இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம்; ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ள முடியும்.

கைரேகையும் பத்திரமில்லை. 2018-ல் தெலங்கானாவில் ஒருவன் பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த கட்டைவிரல் ரேகைகளை ரப்பரில் அச்செடுத்து, ஊரார் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியிருந்தான். கிராமங்களில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற சின்ன மெஷினில் ஓடிபி கேட்பதில்லை. அதிலும் இப்படி நகலெடுத்த ரேகையால் பணம் திருடியிருக்கிறார்கள். இதற்கு ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது. பாட்டிக்குப் போட்டு விடு. ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையில் அவர் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. விரல் வைக்கும் சமயத்தில் தற்காலிகமாகத் திறந்துவிட வேண்டும். இதைச் சொல்லாமல் பூட்டினால் அரிசியும் வராது, உனக்குத் திட்டும் கிடைக்கும்.

சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில், ஒருவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

உன் வயதுக்காரர்களுக்கு வேறு தூண்டில். “அக்கவுண்டை ஒரு வாரம் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று கல்லூரி வாசலிலேயே கேட்பார்கள். பாட்டி மாதிரி யாரிடமோ பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கை மாறும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். வெளிநாட்டு டேட்டா என்ட்ரி வேலை இன்னொரு தூண்டில். அப்படித் தாய்லாந்துக்கென்று கிளம்பி, மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைபட்டு, மோசடி வேலை செய்யச் சொல்லி அடிவாங்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். மறுமுனையில் பேசுகிறவனும் சில சமயம் இப்படி மாட்டிக்கொண்டவன்தான்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அழுவது, சண்டை போடுவது எல்லாம் அப்புறம். கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும். அடுத்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்மேல் தவறில்லாமல் போன பணத்துக்கு, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் திருட்டு வங்கியின் பொறுப்பு.

ஆனால் பாட்டி உன்னிடம் வாய் திறந்தால்தானே இதெல்லாம்? “இதுகூடத் தெரியாதா” என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த தடவை மறைத்துவிடுவார்.

எனக்கு அது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்று ராத்திரி கரண்டைத் துண்டிப்போம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அவன் சொன்னபடி ஒரு செயலியை ஏற்றி, 4,000 ரூபாயைத் தொலைத்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் என்ற வெட்கத்தில் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. 1930-க்கும் சொல்லவில்லை. உன் பெரியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டியிடம் முதலில் இந்தக் கதையைச் சொல். நேரில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அன்புடன்,
பெரியப்பா