இடவாகுபெயரும் இணைய விளையாட்டுக் கடையும்

விழா மலர் ஒன்றிற்குத் தமிழாசிரியன் கட்டுரை எழுதப் புகின், அது சங்க நூலையோ திருமுறையையோ பற்றியதாகவே அமையுமெனப் பழைய மாணவர் எதிர்பார்ப்பர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் எம்மிடம் கொண்டுவந்த கடிதமொன்று எம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்று வகுப்பிலே ஆகுபெயர் படிப்பித்துக்கொண்டிருந்தோம். "துடுப்பாட்டத்திலே கல்லூரி வென்றது" என்றால் வென்றவை சுவர்களும் தூண்களும் அல்ல. பதினொரு பிள்ளைகளே வென்றனர். இடத்தின் பெயர் அவ்விடத்து வாழ்வார்க்கு ஆகிவந்தமையின் இஃது இடவாகுபெயர் என விளக்கி முடித்தோம். மணி அடித்தது. ஏனையோர் சென்றபின் அவன் மாத்திரம் நின்றான்.

"சேர், ஒரு கடிதம் வந்திருக்கிறது; வாசித்துப் பொருள் சொல்லுவீங்களோ?" என்று கைத்தொலைபேசியை நீட்டினான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையொன்றிலிருந்து வந்தது. கடையின் பெயர் ஈண்டு வேண்டா. 'நீர் வாழ்வதாகக் கூறிய நாடும் உமது கொள்வனவு நிகழ்ந்த வகையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆதலின் கடைசிக் கொள்வனவுகள் இரண்டும் நீக்கப்பட்டன. உமது கணக்கும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்பது அதன் சாரம். பையன் வி.பி.என். என்னும் கருவியைப் பயன்படுத்தி, விலை குறைந்த வேறொரு நாட்டில் வாழ்பவன் போலத் தன்னைப் பதிந்திருக்கிறான். அதனால் அவன் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபாவே. ஆனால் அக்கணக்கிலே, தந்தையாரின் வங்கி அட்டையால் முறையாக விலைகொடுத்து ஐந்தாண்டுகளாகச் சேர்த்த விளையாட்டுகளும் இருந்தன. அவனது கை நடுங்கியது அவற்றை நினைந்தே.

நாம் விளையாட்டு அறியோம். ஆயினும் ஒப்பந்தமும் மொழியாலாயதே. அவ்வார இறுதியில் இருவரும் அமர்ந்து அத்தகைய கடைகளின் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்தோம். கற்றதை இளையோர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுமென எழுதுகின்றோம்.

முதலாவது, வி.பி.என். என்பது யாது? இணையத்தில் இணையும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண்முகவரி உண்டு. இம்முகவரிகளைப் பிரதேசந்தோறும் பங்கிட்டு வழங்கும் பதிவகங்கள் உள்ளன. எமது ஆசிய பசிபிக் பிரதேசத்துக்குரியது அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக். எந்த முகவரித் தொகுதி எந்த நாட்டிற்கு வழங்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ளலாமாதலின், வருபவன் எந்நாட்டான் என்பதைக் கடை ஊகித்துக்கொள்கிறது. முகவரி இருக்கும் இடத்தை அம்முகவரியைப் பயன்படுத்துபவனுக்கு ஆக்கிக்கொள்கிறது. அதாவது, கடையும் இடவாகுபெயரையே நம்பி நிற்கின்றது! வி.பி.என். செய்வது அந்த ஆகுபெயரைப் பிறழச் செய்வதே. எம் கணினியிலிருந்து புறப்படும் செய்தி மறைகுறியாக்கப்பட்டு வேறொரு நாட்டிலுள்ள கணினிக்குச் சென்று, அங்கிருந்து அக்கணினியின் முகவரியோடு கடையை அடைகிறது. கடை காண்பது நடுவில் நிற்பவனின் முகத்தையே.

இக்கருவி தன்னளவில் தீதன்று. அலுவலகத்தின் உள்வலையமைப்பிலே வீட்டிலிருந்து பணி செய்வோரும், பொது இடத்து இணைப்பிலே தம் செய்தியைப் பிறர் படியாவண்ணம் காக்க விரும்புவோரும் இதனைப் பயன்படுத்துவர். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இந்நாட்டிலே சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது, பிறநாட்டிலுள்ள பிள்ளைகளோடு பேச இதன் உதவியை நாடிய பெற்றோர் பலர். எனவே மாணாக்கன் பயன்படுத்திய கருவியை நோவதிற் பயனில்லை. அவன் எதற்குப் பயன்படுத்தினான் என்பதே வினா.

இவ்வகைக் கடைகளுள் மிகப் பெரியது ஸ்டீம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வால்வ் என்னும் நிறுவனம் 2003 இல் அதனைத் தொடங்கிற்று. அதன் சந்தாதாரர் ஒப்பந்தம் இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நாட்டெல்லைக் கட்டுப்பாட்டைக் கடப்பதற்கோ, தன் நாட்டிற்கு உரியதல்லாத விலையில் வாங்குவதற்கோ, வேறெந்த நோக்கத்திற்கோ முகவரியை மாற்றிக்காட்டித் தான் வாழும் இடத்தை மறைப்பதில்லை என்று வாங்குபவன் உடன்படுகிறான். மீறின் கணக்கை முடிவுறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இவ்வாக்கியத்தில் 'மறைத்தல்' என்னும் வினைக்குச் செயப்படுபொருள் எது என்று மாணாக்கனைக் கேட்டோம். சற்றுச் சிந்தித்து, "உறைவிடம்" என்றான். மெய்யே. தடுக்கப்பட்டது வி.பி.என். அன்று, வாழும் இடத்தைப் பொய்யாகக் கூறுதலே. எனினும், வேறு காரணத்துக்காக அக்கருவியை இயக்கிவைத்திருப்போர் கடையில் வாங்கும் வேளையில் அதனை நிறுத்திவிடுதலே நன்று. பொறி நோக்கத்தை அறியாது.

அன்றியும், முகவரி ஒன்றே சான்று என எண்ணுதல் பேதைமை. வங்கி அட்டையின் முன் இலக்கங்களே அதனை வழங்கிய வங்கியைக் காட்டிக்கொடுக்கும். 2021 இல் ஸ்டீம் தன் விதியை இறுக்கி, மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாத்திரமே நாட்டை மாற்றலாம் என வைத்தது. மாற்றுவதற்கும் புதிய நாட்டுக்குரிய கட்டணமுறையால் ஒரு கொள்வனவு செய்தல் வேண்டும். மேற்படிப்புக்காக மெல்பேணுக்கோ இலண்டனுக்கோ மெய்யாகவே குடிபெயரும் எம் மாணவர்க்கு இதில் இடர் ஏதுமில்லை. அங்கே வங்கிக் கணக்குத் திறந்தபின் நாட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இனி, 'ஐந்தாண்டுப் பொருளை எவ்வாறு பறிக்கலாம்? அவை என்னுடையவை அல்லவா?' என்பது அவனது அடுத்த வினா. இங்கேதான் சொல்லின் பொருள் மிகவும் கூர்மையாகின்றது. கடையின் பொத்தானிலே 'வாங்கு' என்றிருக்கும். ஒப்பந்தமோ 'விற்கப்படவில்லை, உரிமம் வழங்கப்படுகிறது' என்று கூறும். புத்தகக் கடையில் வாங்கிய நூல் எம்முடையது. அதனை நண்பனுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். இங்கு பெறுவது அத்தகைய உடைமையன்று, பயன்படுத்த ஓர் இசைவே. கணக்கு மூடப்பட்டால் இசைவும் ஒழியும். கலிபோர்னியா மாநிலம் 2024 இல் நிறைவேற்றிய சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூறாமல் 'வாங்கு' என்னும் சொல்லை ஆளுதலைத் தடுத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல், தருவது உரிமமே என்னும் அறிவிப்பைப் பணம் செலுத்தும் பக்கத்திலேயே ஸ்டீம் காட்டலாயிற்று. ஒரு வினைச்சொல்லின் பொருளுக்காகச் சட்டமன்றம் கூடியதைக் கேட்டு, மொழியாசிரியராகிய நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

ஒரே விளையாட்டுக்கு நாட்டுக்கொரு விலை ஏன்? எண்ணிமப் பொருளைப் படியெடுக்கச் செலவு ஏறத்தாழ இல்லை. ஆதலின் வருவாய் குறைந்த நாட்டில் குறைந்த விலைக்கு விற்றாலும் வெளியீட்டாளருக்கு ஊதியமே. இலங்கை, தென்னாசியாவுக்கெனத் தனியே வகுக்கப்பட்ட டொலர் விலைப் பகுதியில் அடங்கும். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதை எம் மாணாக்கர் மறந்திலர். கடையில் டொலர் விலை மாறாதிருந்தும் தந்தையார் செலுத்தும் ரூபா இருமடங்கை அண்மியது.

ஆனால் அக்குறைந்த விலை நிலைப்பது, அந்நாட்டார் மாத்திரமே அதனைப் பெறும்வரை. ஆர்ஜென்டீனாவும் துருக்கியும் இதற்குத் தக்க சான்று. அந்நாடுகளில் ஸ்டீம் உள்ளூர் நாணயமாகிய பெசோவிலும் லீராவிலும் விற்றது. பணவீக்கத்தால் நாணயம் வீழ வீழ, உலகின் மிக மலிந்த கடைகளாக அவை மாறின. அயல்நாட்டார் பலர் வி.பி.என். கொண்டு அங்கு 'குடியேறினர்'. 2023 இல் ஆர்ஜென்டீனாவின் ஆண்டுப் பணவீக்கம் 211 வீதத்தையும் தாண்டிற்று. அவ்வாண்டு நவம்பர் 20 முதல் இரு நாடுகளிலும் விலை டொலருக்கு மாற்றப்பட்டது. நிறுவனம் கூறிய காரணம் நாணயமாற்றின் நிலையாமை. பொய்க் குடியேற்றம் அம்முடிவுக்கு எத்துணைப் பங்களித்தது என்பதை நாம் அளந்து கூறோம். ஆயினும், அயலார்க்கு அள்ளிச்செல்லும் வழி திறந்திருக்கும் நாட்டிலே விலையைத் தாழ்த்த எந்த வெளியீட்டாளர்தாம் துணிவார்? அயலார் வேறொரு மலிவுக் கடையைத் தேடிப் போயினர். புவனஸ் அயர்ஸிலுள்ள பள்ளிப் பிள்ளை போவதற்கு வேறிடமில்லை. எம் மாணாக்கன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். நாமும் அதற்குமேல் அறிவுரை கூறவில்லை.

இவ்வளவும் கூறியமையால் கடைகள் யாவும் நீதியின் உருவமென யாரும் கருதற்க. கடைகளும் வழக்கு மன்றம் ஏறியுள்ளன. செக் குடியரசு, போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகளில் மலிவாக விற்ற சில விளையாட்டுகளின் திறப்புக்குறிகள் ஐரோப்பாவின் பிற நாடுகளில் இயங்காதவாறு பூட்டப்பட்டிருந்தன. ஒரே சந்தையாகிய ஐரோப்பிய ஒன்றியத்துள் இது போட்டிச் சட்டத்துக்கு மாறென முடிவு செய்து, ஐரோப்பிய ஆணைக்குழு 2021 ஜனவரி 20 அன்று வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளருக்கும் மொத்தம் 78 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. வால்வ் தொடுத்த வழக்கை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2023 செப்டெம்பரில் தள்ளிவிட்டது. அவுஸ்திரேலியாவிலோ, எம் ஒப்பந்தம் வாஷிங்டன் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்னும் வாதம் எடுபடவில்லை. பணத்தை மீளப்பெறும் உரிமை பற்றி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியமைக்காக 2016 இல் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டமாயிற்று. அவ்வழக்கு நடக்கும்போதே, 2015 இல், வாங்கிய 14 நாட்களுக்குள் இரண்டு மணிநேரத்திற் குறைய விளையாடியிருப்பின் பணத்தை மீளப்பெறலாம் என்னும் விதியை ஸ்டீம் கொண்டுவந்தது. இதனை அறியாத பெற்றோர் பலர், அறிந்துவைத்தல் நலம்.

இன்னுமொன்று எம்மை உறுத்துகின்றது. 2024 பெப்ரவரியில் வெளியான ஹெல்டைவர்ஸ் 2 என்னும் விளையாட்டை வாங்கியவர், அவ்வாண்டு மே மாதத்தில், சொனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பிலும் கணக்குத் திறத்தல் கட்டாயம் என்று திடீரெனப் பணிக்கப்பட்டனர். அவ்வலையமைப்போ இலங்கை உட்பட எத்தனையோ நாடுகளில் இல்லை. விளையாட்டு 170 இற்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. பயனரின் எதிர்ப்புப் பெருகவே சில நாட்களில் சொனி அப்பணிப்பைக் கைவிட்டது. "சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று பொய் சொன்னால்தான் கணக்கே திறக்கலாம் என்றால் என்ன செய்வது, சேர்?" என்று மாணாக்கன் வினவினான். மலிவுக்காகப் பொய் சொல்வதும், வாயிலே வைக்கப்படாத மாளிகைக்குள் புகப் பொய் சொல்வதும் ஒன்றல்ல. ஆயினும் ஒப்பந்தம் இரண்டையும் ஒன்றாகவே நோக்கும். அங்ஙனம் திறந்த கணக்கின் நாட்டைப் பின்னர் மாற்றவும் இயலாது என்பதை மாத்திரம் அவனுக்குக் கூறினோம்.

பின்னர் கடைக்கு விடை எழுதினோம். கரவு ஏதுமின்றி, தான் வாழ்வது யாழ்ப்பாணத்திலே என்பதையும், செய்தது தவறு என்பதையும், நீக்கிய இரண்டையும் தான் கோரவில்லை என்பதையும் ஆறு வரியில் அவனே ஆங்கிலத்தில் எழுதினான். நாம் இரண்டு பிழை திருத்தினோம். பதினெட்டு நாட்களின் பின் விடை வந்தது. கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இனியொருமுறை நிகழின் திறக்கப்படாது என்றும் எழுதியிருந்தனர். இவ்வாறு எல்லார்க்கும் நடக்குமென நாம் உறுதி கூறோம்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். ஊரிலுள்ள மருமகனுக்கு விளையாட்டொன்றைப் பரிசளிக்க விரும்புவோர், தம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்து ரொறன்ரோவிலிருப்பவன் போல அவனை நுழையச் செய்தல் வேண்டா; கணக்கைப் பகிர்தலும் விதிக்கு மாறு. ஸ்டீமில் ஒருவர் மற்றவர்க்கு நேரடியாகவே பரிசு அனுப்பலாம். இரு நாட்டு விலைக்கும் இடைவெளி மிகப் பெரிதாயின் கடை அதனை வாங்குமுன்னரே தெரிவித்துத் தடுக்கும். அப்போது எண்ணிமப் பரிசு அட்டை அனுப்பலாம். அதன் பெறுமதி பெறுபவனின் கணக்குக்குரிய நாணயத்தில் சேரும். இருவரும் அக்கடையில் நண்பராகப் பதிந்து மூன்று நாளாயினும் கழிந்திருத்தல் வேண்டும் என்பதால், பிறந்தநாளுக்கு முதல்நாள் நினைவுவரும் மாமன்மார் சற்று முந்திக்கொள்வார்களாக.