புயல் நாளில் சேதி சொல்வது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கு மேற்கே, கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. விடிந்து போய்ப் பார்த்தால், என் தோப்பில் 140 தென்னையில் 31தான் நின்றன. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட மரங்கள்.

அது சொல்லாமல் வந்த புயல் இல்லை. வானிலை மையம் பல நாள் முன்பே சொன்னது. எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். அதனால் எத்தனையோ உயிர் தப்பியது. ஆனால் முதல் நாள் எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு இப்படித்தான் இருந்தது: "கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு சொல்றாங்க. அது மீன் பிடிக்கிறவங்களுக்குங்க, நமக்கென்ன?" நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இதில் நாம் படிக்க வேண்டிய பாடங்கள் மூன்று.

பாடம் 1: யார், என்ன செய்யணும்?

"மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்பது தகவல். அதைக் கேட்ட தென்னை விவசாயி என்ன செய்வார்? முற்றிய குலைகளை இறக்குங்கள், அடிமட்டையைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறையுங்கள், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், மாட்டை மரத்தடியில் கட்டாதீர்கள், ராத்திரி தோப்பில் படுக்காதீர்கள். இப்படிச் சொன்னால்தான் அது சேதி. கேட்டவர் எழுந்து போய் ஒரு வேலையாவது செய்ய வேண்டும்.

பாடம் 2: தினமும் கேட்ட குரலைத்தான் ஆபத்தில் நம்புவார்கள்

புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவர் ஊர். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஓர் அறிவு மையம் நடந்தது. கடலில் அலை எப்படி இருக்கும் என்று ஒலிபெருக்கியில் வழக்கமாகச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். சேதி மையத்துக்குப் போனது, அதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஜனங்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. அன்றைக்கென்று புதிதாக ஒரு மைக்கைக் கட்டியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

பாடம் 3: புயல் போன பிறகும் சேதி வேணும்

கஜாவுக்குப் பிறகு கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன. சேதி இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. "விழுந்த மரத்தை வெட்டினா கணக்குல சேக்க மாட்டாங்களாம்" என்று யாரோ சொல்ல, பலர் வாரக்கணக்கில் மரத்தைத் தொடவே இல்லை. அரசு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்த விவரம் தெளிவாக வந்து சேர நாளானது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னைக்குக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று அப்போதே இருந்தது. 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடப் பிரீமியம் 14 ரூபாய். அதில் கால் பங்கு, 3 ரூபாய் 50 காசு, விவசாயி கட்டினால் போதும். மரம் போனால் 1,750 ரூபாய். இது எனக்குத் தெரியும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று நானும் சேரவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார்: "ஏன் சார், நீங்க பேங்க்ல இருந்தவருதானே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்னிடம் பதில் இல்லை.

வரும் ஐப்பசிக்கு முன்னால்

உங்கள் ஊர் உழவர் கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

- வானிலை அறிவிப்பைக் கேட்டு, நம்ம ஊருக்கு என்ன வேலை என்று எழுதிப்போட ஒருவர்.
- போன் இல்லாத வீடுகள், தனியாக இருக்கும் பெரியவர்கள் பட்டியல். யார் வீட்டுக்கு யார் நேரில் போவது என்று பெயர் போட்டு எழுதுங்கள்.
- பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று.
- மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070 சுவரில் எழுதியிருக்கட்டும்.
- எந்தச் சேதி வந்தாலும் "யார் சொன்னது, எப்போ சொன்னது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாததைப் பரப்பாதீர்கள்.
- பயிர், தென்னைக் காப்பீட்டின் இன்றைய தொகையையும் கடைசித் தேதியையும் வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகங்களில் கேட்டு எழுதிப்போடுங்கள்.

எங்கள் டீக்கடையில் இப்போது ஒரு கரும்பலகை இருக்கிறது. மழைமானியில் பார்த்த அளவையும் அன்றைய வானிலையையும் தினமும் காலையில் எழுதுகிறேன். ஒரு நாள் தவறினால், "என்ன சார், இன்னிக்கு மழைக்கணக்கு காணோம்?" என்று கேட்கிறார்கள். அடுத்த புயலுக்கு அந்தப் பலகையில்தான் எழுதப் போகிறோம்.