யாருக்காக யார் காத்திருந்தார்?

அடுப்பில் உலை கொதிக்க, அம்மா ஒருபுறம் காய் நறுக்கி, மறுபுறம் பால் பொங்காமல் பார்த்துக்கொள்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கணிப்பொறியும் அவ்வாறே. ஒரே நிரலுக்குள் பல வேலைகள் மாறி மாறி ஓடுகின்றன. இவற்றை 'திரெட்', அதாவது இழை என்பர். ஓர் இழை சிக்கினால் நெசவே நின்றுவிடும் அல்லவா? அச்சிக்கலைக் கண்டறிவது எப்படி? உண்மை நிகழ்ச்சி ஒன்றின் வாயிலாக அறிவோம்.

1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில், வானிலைச் செய்திகளைச் சேகரிக்கத் தொடங்கியபின், அதன் கணிப்பொறி தானாகவே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொறியை யார் தொட்டுப் பார்ப்பது?

கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் ஊகத்தில் இறங்கவில்லை. பூமியிலிருந்த அதே போன்ற கணிப்பொறியில் அதே நிரலை ஓடவிட்டனர். எந்த வேலை எப்போது ஓடியது, எதற்காகக் காத்திருந்தது என்பதை வரிசையாகக் குறிக்கும் தடப்பதிவு வசதி அதில் இருந்தது. பிழை மீண்டும் தோன்றும்வரை பொறுத்திருந்து, பதிவைப் படித்தனர். உண்மை வெளிப்பட்டது!

அதை நம் பள்ளியை வைத்தே விளக்கலாம். ஆய்வக அலமாரிக்கு ஒரே சாவி. அது ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் இருக்கிறது. தலைமையாசிரியைச் சகோதரி அதற்காக அவசரமாகக் காத்திருக்கிறார். சிறுமி தன் வேலையை முடித்துச் சாவியைத் தருவதற்குள், ஒன்பதாம் வகுப்பு அக்காமார் அவளை நிறுத்திவைத்துத் தங்கள் வேலையைப் பார்க்கின்றனர். சகோதரியின் காத்திருப்பு நீள்கிறது. விண்கலத்தில் சிறுமியின் இடத்தில் வானிலை வேலையும், சகோதரியின் இடத்தில் செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் முக்கிய வேலையும், அக்காமார் இடத்தில் இடைத்தர வேலைகளும் இருந்தன. முக்கிய வேலை உரிய நேரத்தில் முடியாததால், பெருங்கேடு நேர்ந்ததென்று எண்ணி நிரல் கணிப்பொறியை மீண்டும் தொடங்கச் செய்தது.

தீர்வு எளிது. சாவி கையிலிருக்கும்வரை சிறுமிக்குச் சகோதரியின் முன்னுரிமையே உண்டு. எந்த அக்காவும் அவளை நிறுத்தக்கூடாது! இம்மாற்றம் வானொலி அலைகள் வழியே செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது, தொல்லை நீங்கியது. கலத்துடன் சென்ற சிறு ஊர்தி 7 நாட்கள் உழைத்தால் போதுமெனத் திட்டமிட்டிருந்தனர். அதுவோ செப்டம்பர் இறுதிவரை உழைத்தது.

இன்று ஜாவா நிரல் எழுதுவோர் 'விஷுவல்விஎம்' போன்ற கருவிகளில் ஒவ்வோர் இழையையும் ஒரு வண்ணக் கோடாகக் காண்கின்றனர். ஓடும் இழைக்கு ஒரு நிறம். பூட்டுக்காகக் காத்திருக்கும் இழைக்கு வேறொரு நிறம். மெதுவாக ஓடும் நிரலில் சோம்பியிருப்பது எது, தடுக்கப்பட்டிருப்பது எது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தோழியரே, குழுவாகச் செய்யும் வேலை தாமதமானால், கடைசியாக நிற்பவளையே நாம் கடிந்துகொள்கிறோம். அவள் யாருக்காகக் காத்திருந்தாள், அவளைத் தடுத்தவர் யார் என்று முதலில் பார்ப்போமா?