போனவர்களும் எஞ்சியவர்களும்

உயர்தர வணிகப் பிரிவில் படிக்கும் எங்களுக்குக் கடந்த தவணையில் ஓர் ஒப்படை தரப்பட்டது. ‘ஆட்குறைப்புக் காலத்தில் ஊழியர்களின் மனவுறுதியைப் பேணுவது எப்படி?’ என்பது தலைப்பு. மாஸ்லோவின் தேவைப் படிநிலை, ஹேர்ஸ்பேர்க்கின் இரு காரணிக் கோட்பாடு, சம்பளம், போனஸ், பாராட்டு என்று மூன்று பக்கங்களை நிரப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சாச்சியிடம் அதை வாசித்துக் காட்டினேன்.

சாச்சி திகனயில் இருக்கிறார். பல்லேகலப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக வேலை. மெஷின் ஒபரேட்டராகச் சேர்ந்து இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான் மகள். ஆனா ஆக்கள நிப்பாட்டின அடுத்த நாள் லைன்ல என்ன நடக்குமெண்டு இதுல ஒண்டும் இல்லையே” என்றார்.

அன்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த மூன்று பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் ஆட்குறைப்பு வருகிறது?

நமது நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை ஆடைத் தொழிலே ஈட்டித் தருகிறது. இத்தொழிலில் வேலை செய்வோரில் பெரும்பான்மையோர் பெண்கள். தைக்கப்படும் உடைகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவதால், அங்கே மக்கள் வாங்குவதைக் குறைத்தால் இங்கே மெஷின் நின்றுவிடும். 2020இல் கொரோனா காலத்தில் வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் ஓடர்களை இரத்துச் செய்தார்கள். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. பெற்றோல் வரிசைகளையும் மின்வெட்டையும் நாம் மறக்கவில்லை. 2023இல் ஆடை ஏற்றுமதி பெருமளவு வீழ்ச்சியடைந்தது. 2025 மே மாதத்தில் கட்டுநாயக்கவில் இருந்த நெக்ஸ்ட் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஆயிரத்து நானூறு பேரளவில் வேலை இழந்தார்கள்.

ஆகவே ஆட்குறைப்பு எப்போதும் முகாமையாளரின் கெட்ட மனத்தால் வருவதில்லை. ஆனால் அதை எப்படிச் செய்வது என்பது முகாமையாளரின் கையில் இருக்கிறது.

முதல் தடவை

2023இன் தொடக்கத்தில் சாச்சியின் தொழிற்சாலையில் ஒரு லைனை மூடத் தீர்மானித்தார்கள். ஒவ்வொரு சூப்பர்வைசரும் சில பெயர்களை எழுதித் தர வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. சாச்சி எழுதிய பெயர்களில் ஒன்று, தினமும் அவரோடு ஒரே பஸ்ஸில் வரும் கூட்டாளியினுடையது. அந்த மாதம் பிள்ளையின் சுகவீனத்தால் அதிக லீவு எடுத்திருந்தவர் அவர்தான்.

“பஸ்ஸுல என்னட்ட கேட்டா, உனக்கு ஏதும் தெரியுமாண்டு. நான் ஜன்னலால வெளிய பாத்துக்கொண்டு இருந்தன்” என்று சாச்சி சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. லொக்கரில் இருந்த செருப்பையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுக்கக்கூட உள்ளே விடாமல், காவலாளி மூலம் கொடுத்தனுப்பினார்கள். திங்கட்கிழமை எஞ்சியவர்களுக்குப் பகல் சாப்பாடாக இலவசமாகக் கோழிப் புரியாணி. சுவரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று புதிய போஸ்டர். டார்கட் மட்டும் குறையவில்லை.

அதன் பிறகு பிழைத் தையல்கள் கூடின. வேலையில் கெட்டிக்காரிகள் தாங்களாகவே வேறு இடம் தேடிப் போனார்கள். ஒரு மெஷின் பழுதானால் பக்கத்து மெஷின்காரி உதவி செய்த வழக்கம் நின்றுபோனது. சாச்சியைக் கண்டால் பேச்சு அடங்கியது.

ஆய்வாளர்கள் கண்டவை

இதைக் கேட்டபோது ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்தது. ஒஸ்ரியாவின் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற கிராமம். அங்கிருந்த துணி ஆலை 1930 அளவில் மூடப்பட்டதால் 478 குடும்பங்கள் கொண்ட ஊரே வேலையற்றுப் போனது. மேரி ஜஹோடா என்ற இளம் பெண் ஆய்வாளரும் அவரது தோழர்களும் அங்கே சென்று ஆராய்ந்து, 1933இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். மக்களுக்கு நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்து, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். பெண்களோ வேகமாக நடந்தார்கள். சம்பள வேலை போனாலும் வீட்டு வேலை அவர்களை விடவில்லை! வேலை என்பது சம்பளத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும், நாலு பேரின் பழக்கத்தையும், ஊரில் ஒரு மதிப்பையும் தருகிறது என்று ஜஹோடா பிற்காலத்தில் விளக்கினார்.

இது போனவர்களின் கதை. எஞ்சியவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஜோயல் புரொக்னர் என்ற பேராசிரியர் 1980களிலிருந்து ஆராய்ந்தார். தீர்மானம் நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா, காரணம் சொல்லப்பட்டதா, போனவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பவற்றைப் பார்த்தே எஞ்சியவர்கள் நிறுவனத்தை எடைபோடுகிறார்கள் என்பது அவ்வாய்வுகளிலிருந்து தெரிகிறது. இன்று அவளுக்கு நடந்தது நாளை எனக்கு நடக்கும் என்று நினைப்பவளுக்குப் புரியாணி எப்படி இறங்கும்?

இரண்டாம் தடவை

அந்த வருடக் கடைசியில் மீண்டும் ஆட்குறைப்பு வந்தது. இம்முறை வேறொரு முகாமையாளர். காலையில் எல்லோரையும் கூட்டி, எந்த ஓடர் போனது, எத்தனை பேரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, எந்தத் திகதிக்குள், யாருக்கு என்ன கிடைக்கும் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்ல வைத்தார். முதலில் சுயவிருப்பில் விலக விரும்புவோரைக் கேட்டார். தெரிவுக்கான விதிகளை எழுதி ஒட்டினார். சுகவீன லீவு கணக்கில் எடுக்கப்படவில்லை. படிவம் நிரப்ப ஒரு மேசை போடப்பட்டது. கடைசி நாளில் போகிறவர்கள் லைன் லைனாகச் சென்று சலாம் சொல்லி, ஆயுபோவன் சொல்லி, அழுது விடைபெற்றார்கள்.

கவலை இருந்தது. ஆனால் பயம் குறைவாக இருந்தது என்கிறார் சாச்சி. அடுத்த கிழமை எஞ்சியவர்களோடு அமர்ந்து, இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப டார்கட்டையும் குறைத்தார்கள். பக்கத்து மெஷினுக்கு உதவும் வழக்கம் மெல்லத் திரும்பியது.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களுக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி தேவை. 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, இத்தகைய நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு; மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். அதைப் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் பெறலாம். திருமணம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தொழில்தருநர் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையிலிருந்து விலகியதும் கோரலாம்.

பெற்றோர்களே, வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளின் நியமனக் கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வாசித்து விளங்காத எந்தக் கடிதத்திலும் கையொப்பமிட வேண்டாம். தோழிகளே, நாளை நம்மில் பலர் முகாமையாளர்களாக அமர்வோம். பெயர்ப் பட்டியல் ஒருநாள் நம் மேசைக்கும் வரும்.

சாச்சி அந்தக் கூட்டாளியின் வீட்டுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் போனாராம். நம்பிக்கை நிதிப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், பட்டியலில் பெயர் எழுதியது தான்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

“அவ என்ன சொன்னா சாச்சி?” என்று கேட்டேன்.

“எழுதினதுக்கு எனக்குக் கோபம் இல்ல, அண்டைக்கு பஸ்ஸுல சொல்லியிருந்தா அந்த மாசச் சீட்டுக் காசையாவது கட்டாம வச்சிருப்பனே எண்டா.”

ஒப்படையின் கடைசி வரியாக அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.