பிராசசரை மாற்றுவதா, பொறுப்பதா?

அமராவதிபுதூர்

அன்புள்ள தம்பிக்கு,

தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் ‘சி.பி.யூ’ என்றால் மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதும். அந்தப் பெட்டிக்குள் மதர்போர்டு, ராம், டிஸ்க் எல்லாம் இருக்க, உண்மையில் சி.பி.யூ என்னும் பெயருக்கு உரியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு. ஆகவே காரைக்குடிக்குப் போய் ‘சி.பி.யூ மாற்றணும்’ என்று கேட்பவருக்கு முழுப் பெட்டிக்கும் விலை சொல்வது கடைக்காரரின் தவறாகாது. ‘பிராசசர் மட்டும்’ என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு முன்பு, கணினியைத் தாமதப்படுத்துவது பிராசசர்தானா என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளச் செலவு எதுவும் இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேலை திணறிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். டிஸ்க் நூறு சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால், குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க், ஓர் எஸ்.எஸ்.டி போட்டால் போதும். ராம் நிரம்பி வழிந்தால் இன்னொரு ராம் போடுவதுதான் வழி. கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓட, பிராசசர் பாதியில் நின்றால், புதிய பிராசசர் அங்கே எதையும் மாற்றாது.

பிராசசரின் அளவைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கு எட்டு சதவீதத்தைத்தான் காட்டும். பிராசசர் சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒற்றை ஆள் மொத்தச் சுமையையும் தூக்க, பதினொரு பேர் கைகட்டி நிற்கிறார்கள். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் இது தெரிந்துவிடும். இந்த நிலையில் கூடுதல் கோர் உள்ள பிராசசர் வாங்குவது வீண். ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ளதுதான் வேண்டும்.

சிவகங்கைச் சீமையின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிராசசர்கள் ஒரு வெப்ப எல்லைக்கு மேல் போனால் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஏ.எம்.டியின் ரைசன் 5 3600-க்கு அந்த எல்லை 95 டிகிரி செல்சியஸ். காலையில் சுறுசுறுப்பாக இருந்து சித்திரை மாத மதியத்தில் முடங்கும் கணினிக்குப் பெரும்பாலும் வேண்டியது ஒரு பெயின்ட் பிரஷும் புதிய தெர்மல் பேஸ்டும்தான். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே செம்மண் தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். அதற்கடியில் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு சில நூறு ரூபாய். இதைச் செய்யாமல் புதிய பிராசசர் வாங்கியவர்கள் ஊரில் குறைவில்லை. மாற்றும்போது தூசி துடைக்கப்பட்டதால் வந்த வேகத்தையும் புதிய பிராசசரின் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்கள்.

காரைக்குடி வட்டாரத்தில் பிராசசர் உண்மையிலேயே மூச்சு வாங்கும் தொழில், கல்யாண வீடியோ எடிட்டிங். இங்கேயும் தடை எங்கே என்பது சற்று மறைவானது. இப்போதைய கேமராக்கள் பல, வண்ணத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 வகை ஹெச்.265 கோப்புகளைத் தருகின்றன. இந்தக் கோப்பை விரித்துக் காட்டத் தனிச் சுற்று இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லாவிட்டால் எட்டு கோர் பிராசசரிலும் டைம்லைன் தாலி கட்டும் காட்சியிலேயே நின்று நின்று நகரும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல், உள்ளேயே கிராஃபிக்ஸ் கொண்ட மேசைப் பிராசசர்களில் இந்தச் சுற்று இருக்கிறது. என்விடியா தன் கார்டுகளில் இதைச் சேர்த்தது 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 50 வரிசையில்தான். ஆகவே விலை உயர்ந்த பழைய கார்டு தடுமாறும் கோப்பை ஒரு சாதாரண ஐ5-12400 எளிதாக ஓட்டுவதில் மாயம் ஏதுமில்லை. ஆனால் அது ‘எஃப்’ போட்ட 12400எஃப் ஆக இருந்துவிடக் கூடாது. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்கினால் இந்தச் சுற்றும் இல்லை, தனிக் கார்டு போடாதவரை மானிட்டரில் படமும் வராது.

எதையும் வாங்காமல் சமாளிக்கவும் வழி உண்டு. ப்ராக்ஸி என்னும் சிறிய நகல் கோப்புகளை இரவில் உருவாக்கி வைத்து, அவற்றில் வெட்டி ஒட்டி, கடைசியில் அசல் கோப்புகளோடு எக்ஸ்போர்ட் செய்தால் பழைய பிராசசரே ஒன்றிரண்டு வருடம் தாங்கும். எக்ஸ்போர்ட் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறவருக்கு அது மூன்று மணி நேரத்தில் முடிந்தால் என்ன, இரண்டு மணி நேரத்தில் முடிந்தால் என்ன? மனிதன் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் விலை. வருட முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கும் செட்டிநாட்டுக் கணக்கில், ஆள் தூங்கும்போது மிச்சமான நேரத்துக்கு வரவு வைக்க முடியாது.

இத்தனையும் பார்த்த பிறகும் தடை பிராசசர்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீடுகளின் தேக்குக் கதவுகள் விலைக்குக் கிடைக்கும். கதவு எவ்வளவு வேலைப்பாடாக இருந்தாலும் வீட்டில் உள்ள நிலைக்கு அளவு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நிலையையும் பெயர்க்க வேண்டும், நிலையைப் பெயர்த்தால் சுவரும் உடையும். பிராசசர் கதவு, மதர்போர்டு நிலை, ராம் சுவர். கதவோடு முடியும் செலவுக்கும் சுவர் வரை போகும் செலவுக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதல்ல.

ஏ.எம்.டியின் ஏ.எம்4 சாக்கெட் கதவோடு முடிவதற்கு நல்ல உதாரணம். 2017-இல் முதல் ரைசனோடு பரவலான இந்தச் சாக்கெட்டுக்கு 2024-இலும் 5700எக்ஸ்3டி என்ற புதிய பிராசசர் வந்தது. 2018-இல் பி450 போர்டும் ரைசன் 5 2600-உம் வாங்கியவர், பயாஸைப் புதுப்பித்துவிட்டு அதே போர்டில், அதே ராமோடு, எட்டு கோர் 5700எக்ஸைப் பொருத்திக்கொள்ளலாம். இரண்டும் 65 வாட் என்பதால் சாதாரணமாக எஸ்.எம்.பி.எஸ்ஸைக்கூடத் தொட வேண்டியதில்லை. 5700எக்ஸ் பெட்டியில் ஹீட் சிங்க் வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 2017-இன் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: அவருடைய பிராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் இல்லை, 5700எக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இது சிறிய விஷயமல்ல.

இன்டெல் பக்கம் கதை வேறு. அதே 2017-இல் ஐ5-7400 வாங்கியவருக்கு அந்தப் போர்டில் எட்டக்கூடிய உச்சம் ஐ7-7700, 7700கே வரைதான். நான்கு கோர், எட்டு த்ரெட். 8-ஆம் தலைமுறையின் சாக்கெட்டுக்கும் 1151 என்றே பெயர். ஆனால் பழைய போர்டில் அது இயங்காது. பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. உச்சப் பிராசசர் என்பதாலேயே செகண்ட் ஹேண்டில் 7700-க்குத் தகுதிக்கு மீறிய விலை கேட்பார்கள். விண்டோஸ் 11 அதையும் ஏற்காது. இந்த இடத்தில் பிராசசருக்குச் செலவழிப்பதைவிடப் பொறுத்திருந்து போர்டோடு மாற்றுவதே புத்தி. அப்போதும் சுவரைக் காப்பாற்ற வழி உண்டு. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரைக்கான போர்டுகளில் டி.டி.ஆர்4 ராம் ஏற்கும் வகையும் இருக்கிறது. பழைய ராமையே அங்கே கொண்டுபோகலாம். ஐ5-12400 போட்டால் மேலே சொன்ன 4:2:2 தொல்லையும் அதோடு தீரும்.

பொறுத்திருப்பதால் எப்போதும் லாபம் என்று நினைப்பது 1990-களின் பழக்கம். அப்போது இரண்டு வருடம் பொறுத்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2011 முதல் 2017 தொடக்கம் வரை இன்டெல்லின் சாதாரண மேசைப் பிராசசர்கள் நான்கு கோரைத் தாண்டவே இல்லை; அந்த ஆண்டுகளில் ‘அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது சொற்பம். பிறகு 2017 ஜனவரியில் நாலு கோர் 7700கே வாங்கியவர், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு கோர் 8700கே வந்ததைப் பார்த்து வயிறெரிந்தார். 2024-இல் பொறுத்தவர்களுக்கு மறுபடி ஏமாற்றம்: அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் பல கேம்களில் முந்தைய 14-ஆம் தலைமுறையைவிடப் பின்தங்கியது. ஆனால் பொறுமைக்கு வேறொரு பயன் இருக்கிறது, புதியவற்றின் நோய் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்ரகப் பிராசசர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாவது வெளிச்சத்துக்கு வந்து, 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிடப்பட்டது. வாரண்டியும் இரண்டு வருடம் கூட்டப்பட்டது. இந்த வகைகளை மட்டும் செகண்ட் ஹேண்டில் தவிர்ப்பது நல்லது. மற்றபடி பழைய பிராசசர் அஞ்ச வேண்டிய பொருளே அல்ல; உழைத்து உழைத்துக் கெட்டுப்போவது பெரும்பாலும் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்ஸும்தான்.

சுதேசிப் பிராசசர் வரட்டும் என்று காத்திருப்போரும் உண்டு. சென்னை ஐ.ஐ.டியின் ‘சக்தி’ சில்லு 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது, பெருமைக்குரிய வேலை. ஆனால் அந்தத் திட்டத்தின் வேலை வேறு, கல்யாண வீடியோ வெட்டும் மேசைக்கு அது வரப்போவதில்லை.

2025-இன் பிற்பகுதியிலிருந்து காத்திருப்பின் கணக்கே தலைகீழாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான ‘க்ரூஷியல்’ வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஏ.எம்5 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். 2027-க்குப் பிறகும் அந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏ.எம்.டி சொல்லியிருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே சரியான நிலை. கையில் நல்ல டி.டி.ஆர்4 ராம் வைத்திருப்பவருக்கோ, இப்போதைக்கு அதைக் கைவிடாத வழியே மலிவு.

மாற்றுவது என்று முடிவானாலும் முகூர்த்த காலத்தில் கை வைக்கக் கூடாது. தையிலும் ஆவணியிலும் கணினி இரண்டு நாள் படுத்தால் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்லி மாளாது. ஆடியும் மார்கழியும்தான் அதற்கு ஏற்ற மாதங்கள். தொழிலுக்கு ஜி.எஸ்.டி பதிவு இருந்தால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள, பில்லில் ஜி.எஸ்.டி எண்ணைப் போட்டு வாங்க வேண்டும். பெட்டி இல்லாத ‘ட்ரே பீஸ்’ என்று சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதற்கு, பெட்டியில் வரும் பீஸுக்குரிய மூன்று வருட நிறுவன வாரண்டி சாதாரணமாகக் கிடைக்காது.

பொருத்தும் வேலையில் வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அது ஓடும் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே உயிரிழக்கலாம், யு.பி.எஸ் இல்லாமல் தொடக் கூடாது, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் நினைக்கவே கூடாது. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிராசசர் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஏ.எம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்க, ஹீட் சிங்கை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் ஒரு சிறு ‘சப்’ ஒலியோடு விட்டுவிடும்.

கழற்றிய பழைய பிராசசரை அன்றே விற்றுவிடக் கூடாது. பேஸ்டைத் துடைத்து, புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்து மூன்று மாதமாவது பீரோவில் இருக்கட்டும். புதியதில் பழுது என்று வாரண்டிக்கு அனுப்பினால் திரும்பி வர வாரக்கணக்காகலாம். அதுவரை பழையதைப் போட்டு வேலையை ஓட்டலாம்.

அன்புடன்,
பெரியப்பா